மாத்திரைக் கவரிலிருந்து தொடங்குங்கள்: பெரியவர்களின் சுகாதார எழுத்தறிவை அளக்கப் போகிறவர்களுக்கு

முதுகலைப் படிப்புக்காக ஒரு பேரூராட்சியில் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ள 120 பேரின் சுகாதார எழுத்தறிவை அளக்கப் போனேன். நான்கு மாதத்தில் முடியும் என்று போட்ட கணக்கு ஒன்பது மாதம் இழுத்தது. முதலில் வாங்கிய 30 பேரின் தாள்களை மொத்தமாக ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்கினேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மாணவர்கள், செவிலியர்கள், மகளிர் குழுவோடு வேலை செய்கிற தன்னார்வலர்கள், யார் இறங்கினாலும் படிகள் ஏறக்குறைய இவைதான்.

மருத்துவத் தகவலைத் தேடிக் கண்டுபிடிப்பது, புரிந்துகொள்வது, நம்பலாமா என்று எடைபோடுவது, அதன்படி நடப்பது. இந்த நான்கும் சேர்ந்ததைத்தான் சுகாதார எழுத்தறிவு என்கிறோம். பள்ளிப் படிப்பு இதில் ஒரு பங்கு மட்டுமே. பட்டம் வாங்கிய ஒருவர், 'ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கவும்' என்று அச்சடித்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் குழந்தைக்குக் கொடுத்ததைப் பார்த்தேன். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த பாட்டி ஒருவர் ஐந்து மாத்திரைகளையும் வேளை பிசகாமல் எடுத்துக்கொள்வதையும் அதே தெருவில் பார்த்தேன்.

1. யாரை, எதற்காக என்று ஒரு வரியில் எழுதுங்கள்

'பெரியவர்கள்' என்று மட்டும் எழுதினால் வேலை ஓடாது. 'இந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வாங்கும், 40 வயதுக்கு மேற்பட்ட, சர்க்கரை நோயாளிகள்' என்று எழுதினால் கேள்வியும் தெளிவாகும், அனுமதியும் சீக்கிரம் கிடைக்கும். கூடவே, அளந்த பிறகு எதை மாற்றப் போகிறீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். மருந்துக் கவரா, துண்டுப் பிரசுரமா, செவிலியர் பேசும் விதமா? மாற்ற ஒன்றும் இல்லை என்றால், ஒரு பெரியவரை முக்கால் மணி நேரம் உட்கார வைத்துக் கேள்வி கேட்க நமக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

2. கருவியைத் தேர்ந்தெடுங்கள்

கேள்வித்தாளைத்தான் இந்தத் துறையில் கருவி என்பார்கள். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். நான் பார்த்தவை இவை.

ரியால்ம்: 66 ஆங்கில மருத்துவச் சொற்களை வாய்விட்டு வாசிக்கச் சொல்வது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி அதிகம் என்பதால், சரியாக வாசிப்பவருக்குச் சொல் ஏற்கெனவே பழக்கம் என்று கொள்ளலாம். தமிழில் அப்படியில்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்த எவரும் 'சிறுநீரகச் செயலிழப்பு' என்று அட்சரம் பிசகாமல் வாசித்துவிடுவார், பொருள் தெரியாமலே. ஸ்பானிய மொழிக்கும் இதே சிக்கல் வந்து, வாசிப்போடு பொருளையும் கேட்கும் 50 சொல் தேர்வு ஒன்றைத் தனியாக உருவாக்கினார்கள். ஆகவே ரியால்மைத் தமிழாக்கம் செய்யும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். எனக்கு இதில் மூன்று வாரம் போனது.

டோஃபுலா: பத்தியில் விட்டுப்போன சொல்லை நிரப்புவது, மருந்துச் சீட்டில் உள்ள எண்களைப் புரிந்துகொள்வது என்று இரண்டு பகுதி. முழுசாகச் செய்ய 22 நிமிடம் வரை ஆகும். குறு வடிவத்தில் 36 வாசிப்புக் கேள்விகள், 7 நிமிடம். விட்ட சொல்லை நிரப்புவது என்பதே பள்ளியை விட்டு 30 வருடம் ஆனவர்களுக்குப் பரிட்சை மாதிரி இருக்கிறது. இரண்டாவது பத்தியிலேயே பலர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நியூவெஸ்ட் வைட்டல் சைன்: 2005-இல் வந்தது. ஐஸ்கிரீம் டப்பாவின் சத்து அட்டவணையைக் கையில் கொடுத்து 6 கேள்விகள், சுமார் 3 நிமிடம். டப்பாவில் 4 பங்கு, பங்குக்கு 250 கலோரி, முழு டப்பாவும் சாப்பிட்டால் எத்தனை கலோரி என்பது முதல் கேள்வி. 0–1 மதிப்பெண் என்றால் எழுத்தறிவு குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம், 2–3 என்றால் இருக்கலாம், 4–6 போதுமானது. கணக்கும் வாசிப்பும் சேர்ந்து சோதிக்கப்படுவது இதன் பலம். ஆனால் ஓர் அம்மா, "முழு டப்பாவையும் யாரு சாப்பிடுவா, கண்ணு?" என்று கேட்டுவிட்டுக் கணக்கே போடவில்லை. ஐஸ்கிரீமுக்குப் பதில் பிஸ்கட் பாக்கெட் வைக்கலாம். வைத்துவிட்டால் அது வேறு கருவி. பழைய மதிப்பெண் வரம்புகளை அப்படியே எடுத்துப் பயன்படுத்தக் கூடாது.

எச்.எல்.எஸ்-ஈயூ: 2011-இல் ஐரோப்பாவின் 8 நாடுகளில் பயன்பட்டது. 47 கேள்விகள், 16 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு. 'இதைச் செய்வது உங்களுக்கு எவ்வளவு சுலபம்?' என்று கேட்டு நான்கு பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். வாய்மொழியாகக் கேட்கலாம் என்பதால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் விட்டுவிட வேண்டியதில்லை. குறை என்னவென்றால், அவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதைத்தான் இது சொல்லும். எதையும் தேடிப் பார்க்காதவருக்கு எல்லாமே சுலபமாகத் தெரியும்.

இவை தவிர, ஆஸ்திரேலியாவில் உருவான எச்.எல்.க்யூ. 9 பிரிவுகளில் 44 கேள்விகள் கொண்டது. நல்ல கருவி, ஆனால் உரிமம் வாங்க வேண்டும். அதற்கான கடிதப் போக்குவரத்துக்கு நேரம் ஒதுக்குங்கள்.

கடைசியில் நான் செய்தது: எச்.எல்.எஸ்-ஈயூவின் 16 கேள்விகள், அப்புறம் அவரவர் வீட்டு மாத்திரைக் கவரை வைத்து நானே எழுதிய 8 கேள்விகள். 'இதை எப்போது போடுவீர்கள், எதற்காகப் போடுகிறீர்கள், ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வீர்கள், காலாவதித் தேதி எங்கே இருக்கிறது' என்பது போல. இந்த இரண்டாவது பகுதியை எந்த ஊரோடும் ஒப்பிட முடியாது. ஆனால் என்ன மாற்ற வேண்டும் என்பதை எனக்குச் சொன்னது அதுதான்.

3. மொழிபெயர்ப்பு: இங்கே அவசரப்படாதீர்கள்

முதலில், நீங்கள் எடுத்த கருவிக்குச் சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதைச் செய்தவருக்கு மின்னஞ்சல் எழுதி அனுமதி வாங்குங்கள். பதில் வர ஒரு மாதம் ஆகலாம்.

இல்லையென்றால் வழக்கமான முறை இது. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கம் செய்ய வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டி, 'இந்தக் கேள்வி உங்களுக்கு என்னவாகப் பட்டது?' என்று கேட்க வேண்டும். பலர் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

'இரண்டாவது மருத்துவக் கருத்து எப்போது தேவை எனத் தீர்மானிப்பது' என்று எங்கள் முதல் வடிவத்தில் இருந்தது. பத்துப் பேரில் ஒருவருக்கும் புரியவில்லை. 'இன்னொரு டாக்டர்கிட்டயும் காட்டிப் பார்க்கலாமான்னு முடிவு பண்றது' என்று மாற்றியதும் எல்லாரும் ஒரே நொடியில் பதில் சொன்னார்கள். பதில்களையும் 'மிக எளிது' என்று வைக்காமல் 'ரொம்ப சுலபம், சுலபம், கஷ்டம், ரொம்ப கஷ்டம்' என்று வையுங்கள்.

உப்பு என்ற சொல்லில் கவனம் தேவை. சிறுநீரில் புரதம் போவதையும், சிறுநீரகப் பரிசோதனையில் அளவுகள் கூடுவதையும் 'உப்பு இருக்கு' என்றுதான் நம் ஊர்களில் சொல்கிறார்கள். அதனால் 'உப்பைக் குறையுங்கள்' என்ற அறிவுரை சிலருக்கு, உடம்பில் இருக்கும் ஏதோ ஒன்றைக் குறைக்கச் சொல்வதாகக் கேட்கிறது. 'சமையலில் போடும் உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அதேபோல 'நெகடிவ்' என்று முடிவு வந்தால் கெட்ட செய்தி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 'வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும்' என்றால், டீ வயிற்றை நிரப்பாது என்று குடித்துவிட்டு வருபவர்களும் உண்டு.

4. அனுமதியும் ஆவணங்களும்

உள்ளூரில் நீங்களே கற்றுக்கொள்ளச் செய்யும் சிறு முயற்சிக்கு இவ்வளவு தேவைப்படாமல் போகலாம். ஆய்வாக எழுதவோ வெளியிடவோ நினைத்தால், நெறிமுறைக் குழுவின் (எதிக்ஸ் கமிட்டி) அனுமதி இல்லாமல் ஒரு தாளும் நிரப்பக் கூடாது. பின்னால் போய் வாங்க முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள்தான் இதற்கு அடிப்படை. ஆபத்து குறைந்த ஆய்வுகளுக்கு விரைவுப் பரிசீலனை உண்டு. அதற்குத் தகுதி இருந்தால் விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கட்டி வைக்க வேண்டியவை: ஆய்வுத் திட்டம், ஆங்கிலத்திலும் தமிழிலும் கேள்வித்தாள், மறுமொழிபெயர்ப்பும் அதைச் செய்தவர் கையெழுத்தும், கருவிக்கான அனுமதிக் கடிதம், பங்கேற்பாளர் தகவல் தாள், ஒப்புதல் படிவம், உங்கள் தன்விவரம், வழிகாட்டியின் கடிதம். அரசு நிலையத்துக்குள் நின்று கேட்பதென்றால் மாவட்ட சுகாதார அலுவலகத்தின் கடிதமும் வேண்டும். இதை நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே கேட்கத் தொடங்குங்கள். ஒன்று முடிந்து மற்றொன்று என்று காத்திருந்தால் இரண்டு மாதம் வீண்.

தகவல் தாளைப் பற்றி ஒரு வார்த்தை. சுகாதார எழுத்தறிவை அளக்கப் போகும் நாமே, நீதிமன்றத் தமிழில் மூன்று பக்கத் தாளை நீட்டுவது பொருந்தாது. ஒரு பக்கம், பெரிய எழுத்து, சின்ன வாக்கியங்கள். படிக்கத் தெரியாதவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அவர் கைநாட்டு வைக்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் உடன் இருந்து கையெழுத்திட வேண்டும். உங்கள் குழு ஆள் சாட்சியாக முடியாது.

என் 30 தாள் போன கதைக்கு ஒரு காரணம் இங்கே இருக்கிறது. களத்துக்குப் போனபின் இரண்டு கேள்விகளின் சொற்களை மாற்றினேன். அனுமதி பெற்ற கேள்வித்தாளில் எதை மாற்றினாலும் குழுவுக்குத் திருத்த விண்ணப்பம் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. அதற்கு மட்டும் நான்கு வாரம். சொல் மாற்றங்களை எல்லாம் 3-ஆம் படியிலேயே முடித்துவிடுங்கள்.

5. எத்தனை பேர், எவ்வளவு பணம், எவ்வளவு காலம்

எழுத்தறிவு குறைந்தவர்கள் எத்தனை சதவீதம் என்று முன்கூட்டித் தெரியாதபோது பாதிக்குப் பாதி என்று வைத்துக் கணக்கிட்டால், முடிவு 5 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்பதற்கு 384 பேர் தேவை. 10 சதவீதம் போதும் என்றால் 96. பூட்டிய வீடு, பாதியில் எழுந்து போவது என்று 20 சதவீதம் பேர் கழிந்துபோவார்கள் என வைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நான் 96-இல் தொடங்கி 120-க்கு வந்தது அப்படித்தான்.

எனக்கு ஆன செலவு: மொழிபெயர்ப்புக்கு 4,500 ரூபாய், அச்சுக்கும் நகலுக்கும் 2,800, இரண்டு தன்னார்வலர்களுக்கு 20 நாளுக்கு 16,000, பேருந்தும் டீயும் 2,400, வாசிப்புக் கண்ணாடி மூன்று 450. மொத்தம் 26,000 ரூபாய்க்குச் சற்று மேல். மாணவர் என்பதால் நெறிமுறைக் குழுவுக்குக் கட்டணம் கட்டவில்லை. வெளியிலிருந்து விண்ணப்பித்தால் கட்டணம் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள்.

நெறிமுறைக் குழுவுக்கு மட்டும் 11 வாரம் ஆனது. குழு எப்போது கூடுகிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கு முன்பே தாள்கள் அலுவலகத்தில் இருக்கும்படி பாருங்கள். ஒரு கூட்டம் தவறினால் அடுத்த கூட்டம்தான். களப்பணியை அறுவடைக் காலத்திலும் தை மாதத் திருவிழா நாட்களிலும் வைக்காதீர்கள். நூறு நாள் வேலை நடக்கும் ஊர்களில் மாலை 4 மணிக்குப் பிறகுதான் பெண்களைப் பார்க்க முடியும்.

6. வீட்டு வாசலில்

முதலில் கண். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்துப் பார்வை மங்கத் தொடங்கிவிடும். கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்து, 'எனக்குப் படிக்க வராதும்மா' என்று சொல்பவர்களை நான் முதல் வாரம் எழுத்தறிவு குறைந்தவர்கள் என்று குறித்துக்கொண்டேன். இரண்டாம் வாரம் ஒருவர் பேத்தியின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு கடகடவென்று வாசித்தார். அன்று மாலையே கடைக்குப் போய் +1.5, +2, +2.5 என்று மூன்று கண்ணாடிகள் வாங்கினேன். நாட்காட்டித் தாளின் சின்ன எழுத்தை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டும் தெரியவில்லை என்றால் அதைத் தனியாகக் குறியுங்கள், கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

அடுத்தது வீட்டில் உள்ளவர்கள். மாமியாரிடம் கேட்டால் மருமகள் பதில் சொல்வார். கணவர் முன்னால் மனைவி பேச மாட்டார். முதல் 30 தாள்களில் பாதி, யாருடைய பதில் என்றே தெரியாமல் இருந்தது. இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் கேள்வி கேட்கும்போது மற்றவர் வீட்டாரோடு திண்ணையில் பேசிக்கொண்டிருக்கட்டும். அதே நேரம், மருந்தை எடுத்துக் கொடுப்பவர் யார் என்று கட்டாயம் குறியுங்கள். அவர் மருமகள் என்றால், பயிற்சி போக வேண்டிய ஆளும் மருமகள்தான்.

வெட்கம் பெரிய விஷயம். 'படிக்கத் தெரியுமா?' என்று தொடங்காதீர்கள். 'ஆஸ்பத்திரியில் கொடுக்கிற கவர் சரியா இருக்கான்னு பார்க்க வந்திருக்கோம், நீங்கதான் சொல்லணும்' என்று தொடங்குங்கள். அது உண்மையும்கூட. இப்படிச் சொன்னதும் ஒரு அம்மா உள்ளே போய் மஞ்சள் பையைக் கொண்டுவந்து திண்ணையில் கொட்டினார். ஏழு அட்டைகள். ஒரு கவரில் பேனாவால் 1-0-1 என்று, அதாவது காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று எழுதியிருந்தது. "நூத்தி ஒண்ணுன்னு போட்டிருக்கு, அது மாத்திர நம்பர்" என்றார். அவருக்கு அடையாளம் அட்டையின் நிறம்தான். போன மாதம் நிறம் மாறி வந்ததும் புது மாத்திரை என்று நினைத்து, பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே ரத்தக் கொதிப்பு மாத்திரை. காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது என்று வேறு சொன்னார்.

இப்படி ஒன்றைப் பார்த்தால் ஆய்வை அங்கேயே நிறுத்திவிட்டு, உடனே கிராம சுகாதார செவிலியருக்கோ மருத்துவருக்கோ சொல்லுங்கள். யாருக்குச் சொல்வது என்று ஒரு தொலைபேசி எண்ணை முன்பே வாங்கித் தன்னார்வலர்கள் கையில் கொடுத்து வையுங்கள். மாத்திரையை நிறுத்துங்கள், கூட்டுங்கள் என்று நீங்களாகச் சொல்லாதீர்கள்.

7. மதிப்பெண்

எச்.எல்.எஸ்-ஈயூவின் 16 கேள்வி வடிவத்தில் 'சுலபம்', 'ரொம்ப சுலபம்' இரண்டுக்கும் 1, மற்றவற்றுக்கு 0. கூட்டினால் 0–8 போதாது, 9–12 தடுமாற்றம், 13–16 போதும். 'தெரியாது' என்பதை 0 ஆக்காமல் காலியாக விடுங்கள். அன்றன்றைய தாளை அன்றிரவே கணினியில் ஏற்றுங்கள். வாரக் கடைசிக்குச் சேர்த்து வைத்தால் குழப்பமான பதிலை யாரிடமும் கேட்டுத் தெளிவுபடுத்த முடியாது.

8. சுகாதார எழுத்தறிவைக் கூட்டுவது எப்படி

மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மட்டும் எளிமையாகச் சொல்வோம் என்று பிரிக்காதீர்கள். காய்ச்சலும் பயமுமாக உட்கார்ந்திருக்கும்போது படித்தவருக்கும் காதில் ஏறாது. எல்லாருக்கும் எளிமையாகச் சொல்லிவிடுவது நல்லது.

திருப்பிச் சொல்லச் சொல்வது: காசே ஆகாத, எனக்கு அதிகம் பலன் தந்த முறை. 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லாரும் 'ம், புரிஞ்சுது' என்பார்கள். அதற்குப் பதில், "அம்மா, வீட்டுக்குப் போனதும் உங்க மருமக 'நர்ஸ் என்ன சொன்னாங்க'ன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? நான் சரியா சொன்னேனான்னு பார்க்கணும்" என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் வேறு சொற்களில் மறுபடி விளக்கி, மறுபடி கேளுங்கள். ஒரு தடவைக்கு மூன்று செய்திக்கு மேல் வேண்டாம். செவிலியர்களுக்கு இதைப் பழக்க அரை நாள் போதும். ஆனால் ஒருவரையொருவர் நோயாளியாக வைத்து நடித்துப் பார்க்காமல் பழகாது.

கவர்: காலைச் சூரியன், உச்சிச் சூரியன், நிலா என்று மூன்று படம் உள்ள ரப்பர் முத்திரை செய்யுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும். எதற்கான மாத்திரை என்று ஒரே சொல்லில் எழுத இடம் விடுங்கள்: சர்க்கரை, கொதிப்பு, கொழுப்பு. அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது காலாவதித் தேதி உள்ள துண்டு போய்விடுகிறது என்பதையும் மருந்தாளுநரிடம் பணிவாகச் சொல்லுங்கள்.

பை நாள்: மாதத்தில் ஒரு நாள், வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் பையோடு கொண்டுவரச் சொல்லி, செவிலியரோ மருந்தாளுநரோ ஒவ்வொன்றாகப் பார்ப்பது. தனியார் கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தது எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே வரும். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்பதையும் அன்றைக்கே காட்டலாம். 2016-இல் மத்திய அரசு இதற்கென ஒரு பிரசாரமே நடத்தியது. ஆனால் நான் கேட்டவர்களில் அந்தக் கோட்டின் பொருள் தெரிந்தவர்கள் வெகு சிலர்.

ஏற்கெனவே கூடும் இடங்களைப் பயன்படுத்துங்கள்: மகளிர் குழுக் கூட்டம், எழுத்தறிவு வகுப்பு, 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் தன்னார்வலர்கள். தனிக் கூட்டம் போட்டு ஆள் சேர்க்க முயன்றேன், ஆறு பேர் வந்தார்கள். குழுக் கூட்டத்தில் கடைசி 15 நிமிடம் கேட்டு வாங்கினேன், 34 பேர் இருந்தார்கள்.

துண்டுப் பிரசுரம் அச்சடிப்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஆங்கில வாசிப்புக் கடின அளவுகோல்களில் தமிழை ஏற்றிப் பார்க்காதீர்கள். நம் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீள்வதால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. ஐந்து பேரிடம் கொடுத்து, 'இதைப் படித்ததும் என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். ஐவரும் ஒரே செயலைச் சொல்லும் வரை திருத்துங்கள்.

9. மறுபடி அளப்பது

மூன்று மாதம் விட்டு அதே ஆட்களிடம் போங்கள். முதலில் கேட்டவர் வேண்டாம், வேறு தன்னார்வலரை அனுப்புங்கள். பழைய முகத்தைப் பார்த்ததும் அவர் மனம் குளிர நல்ல பதிலாகச் சொல்லிவிடுவார்கள். 'சுலபம், கஷ்டம்' மதிப்பெண் சற்று இறங்கியிருந்தால் பதற வேண்டாம். கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டவருக்கு, முன்பு சுலபமாகத் தெரிந்தது இப்போது கஷ்டமாகத் தெரியும். கவர் கேள்விகளில் என்ன மாறியது என்று பாருங்கள்.

முடிவுகளைக் கல்லூரிக்குக் கொடுப்பதோடு நிறுத்தாமல், ஒரே பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கொடுங்கள். எந்தச் சொல் புரியவில்லை, எந்த மாத்திரையில் தவறு அதிகம், எந்தத் தெருவில் கண்ணாடி தேவை என்ற மூன்றும் போதும். போகும்போது அந்த ரப்பர் முத்திரையையும் மைப்பெட்டியையும் கையோடு கொண்டுபோய் மருந்தாளுநரின் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.